ஒன்பதாவது அம்சம்: பத்து அடி

தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் ஜெயினுலாப்தீனுக்கு ஒரே ஆசைதான்: வெட்டுமேசை முன்னால் நிற்க வேண்டும். உட்கார்ந்து வெட்டினால் பாதித் தோலுக்கு மேல் கை எட்டாது. பரண் ஏணியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, கம்பி வைத்தும் கால்கள் செயலிழந்த இந்த இரண்டு வருடமாகத் தம்பி காலித்துதான் வெட்டுகிறான். அவன் வெட்டும் பைக்கு ஒரு காது நீளம், ஒரு காது குட்டை.

மாட்டுங்காவின் 'எழுக' அறக்கட்டளையிடம் ஒரு கருவி இருந்தது. கணுக்காலைப் பிடிக்கும் பிரேஸ், தொடையில் ஒட்டும் பட்டைகள், வாக்கரின் கைப்பிடியில் பொத்தான். அழுத்தினால் மின்சாரம் தசையைச் சுண்டும், கால் எழும். பிசியோதெரபிஸ்ட் ஜோஸ்பின் மூன்று மாதம் பழக்கியதில் ஆறு நிமிடம் தாங்கியது. அதற்குமேல் தசை களைத்துவிடும்.

கருவி வீட்டுக்கு வர ஒரு விதி உண்டு: ஆண்டு விழா மேடையில் பத்து அடி நடக்க வேண்டும். மேடையில் மட்டும்தான் கால்கள் உண்மை பேசும் என்பது தலைவர் பஞ்சாபகேசனின் கண்டுபிடிப்பு.

"சார், பாய் நடக்கிறது ஒன்பதாவது அம்சம். அதுவரைக்கும் உக்காந்திருக்கட்டும்," என்றாள் ஜோஸ்பின்.

"உக்காரறதா? நம்ம பேரே 'எழுக'. இறைவணக்கத்துலேர்ந்தே நிக்கணும்."

"ஆறு நிமிஷம்தான் சார் தசை தாங்கும்."

"எழுபத்திரண்டு வயசுல நான் ஒரு மணி நேரம் நின்னுண்டு பேசறேன். மனசு இருந்தாப் போறும்மா."

"இவரு முதுகுல கம்பி வச்சாத் தெரியும், மனசா எலும்பான்னு," என்று முணுமுணுத்தாள் ஜெயினுலாப்தீனின் மனைவி நூர் நிஷா.

நிற்க வைத்தார்கள். பொருளாளரின் மருமகள் இறைவணக்கத்தில் எல்லாச் சரணங்களையும் பாடினாள். மூன்று நிமிடம் போயிற்று. பிறகு பஞ்சாபகேசன் மைக்கைப் பிடித்து, "ரெண்டே வார்த்தை" என்றார்.

மாட்டுங்காவில் அந்த இரண்டு வார்த்தையின் நீளம் தெரியாதவர் இல்லை.

"பாய், மூணு நிமிஷம்தான் இருக்கு," என்றாள் ஜோஸ்பின்.

"இவுக நிறுத்துறதுக்குள்ள என் காலு நின்னுரும்மா. நான் கெளம்புதேன்."

பொத்தானை அழுத்தினார். தலைவரின் முதுகுக்குப் பின்னால் வலது கால் எழுந்தது.

"இந்த எளிய மனிதர், இன்னும் சற்று நேரத்தில்..."

இடது கால்.

"நம்முடைய கருணையால்..."

கூட்டம் எண்ணத் தொடங்கியது. ஏழு! எட்டு! பத்தில் கைதட்டல் கூரையைத் தொட்டது. தலைவர் அது தன் பேச்சுக்கு என்று எண்ணி, இரண்டு முறை கும்பிட்டார். மறுகோடியில் ஜோஸ்பின் தள்ளி வந்த சக்கர நாற்காலியில் ஜெயினுலாப்தீன் விழுந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து ஒன்பதாவது அம்சம் வந்தது.

"இப்போது நடந்து காட்டுவார்!"

"நடந்துட்டேன் சார்."

"எப்போ?"

"நீங்க கருணையச் சொல்லிக்கிட்டு இருக்கும்போது."

சபை சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "நிரல்ல ஒன்பதாவது நீர். நான் பாக்காத நடை பதிவேட்டுல எப்படி ஏறும்? இன்னொரு தரம் நடந்துடுமே."

ஜெயினுலாப்தீன் அழுத்தினார். தொடை ஒருமுறை நடுங்கி அடங்கியது.

"கருவியப் பெட்டியில வைங்கோ," என்றார் பஞ்சாபகேசன்.

நூர் நிஷா நேராகப் புகைப்படக்காரர் ஜீஷானிடம் போனாள். "இவுக நடந்ததை எடுத்தீயளா?"

"ஒன்பதாவதுலதான் அவரை எடுக்கச் சொன்னாங்க. அதுவரைக்கும் பிரெசிடென்ட் மட்டும். நாப்பது போட்டோ."

"காட்டுங்க."

நாற்பதிலும் பஞ்சாபகேசன் வாய் திறந்திருந்தார். அவருடைய இடது காதுக்குப் பின்னால் புறப்பட்ட ஜெயினுலாப்தீன், படத்துக்குப் படம் நகர்ந்து வலது காதுக்கு வந்து சேர்ந்திருந்தார். கேமராவைத் தலைவரிடம் நீட்டினாள்.

"இது நன்னா விழுந்திருக்கே," என்றார் அவர்.

"பின்னால பாருங்க சார்."

பார்த்தார். இவை செல்லாது என்றால் தன் முகம் நாற்பதும் செல்லாது. கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, கருவிய எடுத்துண்டு போங்கோ."

ஒரு மாதம் கழித்து ஆண்டு மலர் தபாலில் வந்தது. அட்டையில் தலைவர் மட்டும். பின்னால் இருந்தவரை வெட்டி எடுத்திருந்தார்கள். ஓரத்தில் வாக்கரின் ஒற்றைக் கால் மிஞ்சியிருந்தது.

வெட்டுமேசை முன்னால் நின்றபடியே ஜெயினுலாப்தீன் அதைப் பார்த்தார். இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

"நம்ம காலித்து மாதிரியே வெட்டியிருக்கானுவ," என்று சொல்லி, மலரைத் தள்ளிவிட்டுத் தோலை விரித்தார்.