ஒரு சாட்சி வேண்டும்

போட்டோ இரண்டு, பினாங்கு ஆஸ்பத்திரி அனுப்பிய வேலைக் கடிதம், ஞானஸ்நானச் சீட்டு எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்த சர்க்கார் கச்சேரி குமாஸ்தா, "புருஷன் சம்மதம் எங்கேம்மா?" என்றார். இல்லை என்றேன். கொழும்புக்கு என்றால் அம்மை குத்திய சீட்டோடு போய்விடலாமாம். பினாங்குக்குப் பாஸ்போர்ட் வேண்டும். கல்யாணமானவளுக்குப் பாஸ்போர்ட் என்றால் புருஷன் எழுதித் தர வேண்டும். அவன் கையெழுத்து வைத்து ஒப்பிடுவதைக் கண்ணால் பார்த்த சாட்சி ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நாளை மறுநாளுக்குள் கொண்டுவராவிட்டால் கப்பல் புறப்படுவதற்குள் பாஸ்போர்ட் வராது, வேலை வேறொருத்திக்குப் போய்விடும். ஆறு வருஷமாக என்னைத் திரும்பிப் பார்க்காத மனிதரிடம் போய், நான் போகட்டுமா என்று கேட்க வேண்டும். நல்ல சட்டம்.

அவர் பெயர் சத்தியநேசன். சிரிக்காதீர்கள், தகப்பனார் ஆசையாக வைத்த பெயர். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கிறார், கூட ஒருத்தி இருக்கிறாள் என்பது எங்கள் ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. மறுநாள் கல்லாறு வரை பஸ்ஸில் போய், மிச்சத்தை நடந்தே ஏறினேன். அவர் வீட்டு வாசலில் என் நர்ஸ் வெள்ளைப் புடவையைப் பார்த்து, யாருக்கோ பிரசவம் என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். "இருங்கக்கா" என்று சொல்லிக் காப்பி போட உள்ளே போனாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ராஜபாய் என்று பெயர்.

'என் மனைவி சுசீலாபாய் பினாங்கு சென்று வேலை பார்க்க எனக்குச் சம்மதம்.' நான் நீட்டிய காகிதத்தை அவர் படித்துவிட்டுத் தகராறு செய்யாமல் ஒப்பிட்டார். நான் கடல் தாண்டிப் போவது அவருக்கும் நல்லதுதானே. சாட்சி என்றதும்தான் குரல் தாழ்ந்தது.

"கூலி லைன்ல ஒருத்தனும் இத பாக்கப்பிடாது, கேட்டியா. மொத பெஞ்சாதி செத்துப்போச்சுன்னாக்கும் இவகிட்ட சொல்லியிருக்கேன்."

கொன்றே விட்டார் மனிதர். திரும்பினால், வாசற்படியில் காப்பியோடு ராஜபாய் நிற்கிறாள். டம்ளர்களைக் கீழே வைத்தாள். காகிதத்தை எடுத்து, எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டிப் படித்தாள்.

"சபையில பாதிரியாரு முன்ன வச்சா ஒங்கள கெட்டுனாரு, அக்கா?"

"ஆமா."

பொய் சொல்லியிருக்கலாம். காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு மலை இறங்கியிருக்கலாம். ஆனால் எனக்குப் பினாங்கு வேண்டும். அதற்காக இந்தப் பெண்ணின் தலையில் கல்லைப் போடுகிறேன் என்பதும் தெரிந்தேதான் இருந்தது.

"இவரு ஒப்பிடுறத நான் பாத்தேன். நான் சாட்சி போட்டா செல்லுமா?"

செல்லும் என்றேன். பேனாவை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவர் ஏதோ சொல்ல வந்தார், அவள் திரும்பவில்லை. பெயரை எழுதிவிட்டு நிறுத்தினாள்.

"அடுத்தது யாருக்க பேர எழுதணும்?"

தகப்பன் பெயர் அல்லது கணவன் பெயர் என்று குமாஸ்தா கோடு போட்டுக் கொடுத்திருந்தார். அதைச் சொன்னேன். அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. 'யோசுவா மகள்' என்று நிதானமாக எழுதினாள். பிறகு காகிதத்தை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மை காய்வதற்காக ஊதத் தொடங்கினாள். மை எப்போதோ காய்ந்திருக்கும். அவள் ஊதிக்கொண்டே இருந்தாள்.