மௌனத்துக்குக் கட்டம் இல்லாத படிவம்

அறுபது நிமிட வகுப்பில் ஐம்பத்தோரு நிமிடம் வாத்தியாரே பேசினார் என்று அறிக்கை வந்தது. மீதி ஒன்பது நிமிடத்தில் நாற்காலி இழுத்தது, ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டச் சொன்னது, தும்மியது எல்லாம் போக, பதினோரு மாணவர்களும் சேர்ந்து ஆங்கிலம் பேசிய நேரம் இரண்டு நிமிடம் இருபது விநாடி. வகுப்பின் பெயர் ‘சரளமாகப் பேசுவோம்’. யார் பேசுவோம் என்று விளம்பரத்தில் போடவில்லை. வாத்தியார் தரப்பில் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே நியாயம் அதுதான்.

அறிக்கையின் அடியில் தடித்த எழுத்தில் இரண்டு வரி இருந்தது. ஆசிரியர் பேச்சு இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வரும் வியாழக்கிழமை மறு மேற்பார்வையிலும் தாண்டினால் மாலை வகுப்பு வேறு ஆசிரியருக்குப் போகும்.

வேறு ஆசிரியர் என்றால் காலை வகுப்புக்காரர். மாணவர்களுக்கு ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். ஒரு வகுப்புக்கு நாலு நிமிடத்துக்கு மேல் வாய் திறந்ததில்லை. நிறுவனத்தின் சிறந்த ஆசிரியர் என்று படிக்கட்டுத் திருப்பத்தில் அவர் படத்தை மாட்டியிருந்தார்கள். நம் வாத்தியாருக்கு இருந்தது அந்த மாலை வகுப்பு ஒன்றுதான். அது போனால் அவர் பேசுவதைக் கேட்க வீட்டில் இரண்டு பேர்தான் மிச்சம். அந்த இரண்டு பேருக்கும் இந்தக் கவலை வாத்தியாரைவிட அதிகமாகவே இருந்தது.

“கேள்வி கேட்டா பதில் வரவரைக்கும் காத்திருக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் மனைவி.

“தெரியாம என்ன, அதுதானே இந்தத் தொழிலுக்கே அடிப்படை, இப்ப நான் முதல்முதலா வகுப்பெடுத்தப்ப...”

“இதோ. நான் கேட்டு ஒரு செகண்ட் ஆகல.”

“நீ கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்றேன்?”

“சரி, இப்படி வாங்க. என்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு அன்னிக்கு மொட்டை மாடியில வச்சுக் கேட்டீங்களே. நான் என்ன பதில் சொன்னேன்?”

“சம்மதம்னு சொன்னே.”

“எங்க சொன்னேன்? ‘சம்மதம்னு முகத்துலயே எழுதியிருக்கு’ன்னு நீங்களே படிச்சுக்கிட்டு, மண்டப வாடகையைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டீங்க. பதினாலு வருஷமா பதில் என் கையிலேயே இருக்கு.”

வாத்தியார் அசந்துபோனார். “என்ன பதில்?”

“இப்பத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? போய்ப் பால் வாங்கிட்டு வாங்க.”

எட்டாவது படிக்கும் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “அப்பா, கடைக்காரர் எவ்வளவு வேணும்னு கேட்டா, எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க,” என்றாள்.

அறிக்கையோடு வகுப்பறையின் வரைபடம் ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு கட்டம். உட்கார்ந்தவர் வாய் திறந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. முன்வரிசையில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒன்பது புள்ளி. அவர் பக்கத்தில் பஸ் டிரைவருக்கு ஏழு. மூன்றாம் வரிசை ஜன்னலோரக் கட்டத்தில் ஒன்றுகூட இல்லை. சோப்புப் போட்டுக் கழுவின மாதிரி இருந்தது.

அந்தக் கட்டத்தில் உட்காருகிறவர் ஐம்பது வயதுக்காரர். மெக்கானிக் அவருக்கு ‘சைலன்ட் அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார். மூன்று மாதமாக ஒருநாள் தவறாமல் வருகிறார், நோட்டைத் திறக்கிறார், நிமிர்ந்து பார்க்கிறார், மூடுகிறார், போகிறார். ஆங்கிலம் சுத்தமாக வராது போல என்று வாத்தியாரும் விட்டுவிட்டார். அந்த வெள்ளைக் கட்டம்தான் இப்போது அவரைக் குடைய ஆரம்பித்தது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒரு மனுஷி எப்படி மூன்று மாதம் உட்கார்ந்திருக்க முடியும்? தன்னால் மூன்று நிமிடம் முடியாதே?

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் அவரைப் பிடித்துவிட்டார்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க ஏன் பேசறதே இல்ல? பயமா? கூச்சமா? வீட்டுல ஏதாவது பிரச்சினையா? இல்ல, நான் நடத்தறது புரியலையா?”

வாத்தியார் ஐந்தாவது காரணத்தைத் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில் அவர் சொன்னார்: “நான் பேசத்தான் வரேன் சார். நீங்க கேட்டுட்டு ரெண்டு செகண்ட்ல நீங்களே பதில் சொல்லிடறீங்க. எனக்கு ஏழு செகண்ட் ஆகும்.”

“ஏழா?”

“நீங்க சொன்னது காதுல விழ ஒண்ணு. அதைத் தமிழாக்க ரெண்டு. பதில் யோசிக்க ஒண்ணு. அதை இங்கிலீஷாக்க மூணு. வாயைத் திறக்கறப்ப நீங்க அடுத்த கேள்விக்கும் பதில் சொல்லி முடிச்சிருப்பீங்க.”

“இதெல்லாம் எப்படி இவ்வளவு கரெக்டா...”

“என் வேலையே அதுதான் சார். ஆஸ்பத்திரியில காது டெஸ்ட் பண்ற ரூம்ல இருக்கேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நான். மிஷின்லேர்ந்து சத்தம் அனுப்புவேன். கேட்டா பட்டனை அமுக்கணும். நாம அவசரப்படுத்தக் கூடாது. அவசரப்படுத்தினா, கேக்காததையும் கேட்டதா அமுக்கிடுவாங்க.”

வாத்தியாருக்குக் கேட்பதற்கு இன்னும் இருபது கேள்வி இருந்தது. அதற்குள் அந்த அம்மாவின் பஸ் வந்துவிட்டது.

வியாழக்கிழமை மேற்பார்வை அம்மா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். முப்பது வயது இருக்கும். சிரிக்கலாமா என்று யாரிடமோ அனுமதி கேட்டுக்கொண்டிருப்பது போன்ற முகம். மேசையில் ஒரு படிவம், இரண்டு ஸ்டாப்வாட்ச். சிவப்பு ஆசிரியருக்கு, நீலம் மாணவர்களுக்கு.

வாத்தியார் ஒரு முடிவோடு வந்திருந்தார். கேட்பது, பிறகு மனசுக்குள் ஏழுவரை எண்ணுவது. வணக்கம் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: “இந்த வாரம் உங்களை ஆச்சரியப்படுத்திய விஷயம் என்ன?”

ஒன்று. இரண்டு. வழக்கமாக இந்நேரம் அவர் தன்னுடைய ஆச்சரியத்தில் பாதியைச் சொல்லியிருப்பார். மாணவர்கள் அதற்குத் தயாராக வசதியாகச் சாய்ந்திருந்தார்கள். மூன்று. ஏ.சி. சொட்டுவது கேட்டது. நான்கு. மெக்கானிக் நிமிர்ந்தார். ஐந்து.

“சார், யூ ஓகே?”

வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார்.

“ஃபீவர் சார்?” என்றார் டிரைவர்.

“நோ நோ, தொண்டை. த்ரோட்,” என்றார் மெக்கானிக். “யெஸ்டர்டே சார் டாக்கிங் டூ மச். டுடே ஃபினிஷ்.”

சாருக்கு என்ன வியாதி என்று பத்துப் பேரும் ஆங்கிலத்தில் ஆராய ஆரம்பித்தார்கள். தொண்டையில் தொடங்கிய நோய் பல்லுக்குப் போய், வயிற்றுக்கு இறங்கி, சாரின் மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கலாம் என்பதில் போய் நின்றது. இலக்கணத்தில் முழுசாக ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் இத்தனை பேர் இத்தனை சத்தமாக அந்த அறையில் ஆங்கிலம் பேசி வாத்தியார் கேட்டதே இல்லை. இன்னொரு கேள்வி கேட்டார், எண்ணினார். இன்னொன்று. ஏழை நெருங்கும்போதெல்லாம் எங்கிருந்தாவது ஒரு குரல் முளைத்தது. ஆளுக்கு ஆள் நேரம் வித்தியாசப்படுவது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. டிரைவருக்கு மூன்று, மெக்கானிக்குக் கழித்தல் ஒன்று; கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிறவர் அவர்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் கைக்குட்டை எடுக்கிற சாக்கில் பின்பக்கம் போனார். சிவப்பு வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடம் நாற்பது விநாடி.

“மேடம், நான் பேசவே இல்லையே?” என்றார் ரகசியமாக.

மேற்பார்வை அம்மா படிவத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டே கட்டம். ஆசிரியர், மாணவர். கீழே பொடி எழுத்தில்: ‘கேள்விக்குப் பின்வரும் இடைவெளி ஆசிரியரின் நேரமாகக் கொள்ளப்படும்.’

“எனக்கே சங்கடமாத்தான் இருக்கு சார். மௌனத்துக்குன்னு தனிக் கட்டம் இல்ல.” பிறகு இன்னும் சங்கடமாக, “இப்ப நீங்க கேட்டதும் சிவப்புலதான் ஓடுது,” என்றார்.

வாத்தியார் வாயை மூடிக்கொண்டு முன்னால் வந்தார். வழி ஒன்றும் கஷ்டமில்லை. முன்வரிசையை மட்டும் பார்த்துப் படபடவென்று கேட்டால் போதும். கேட்டார். “எத்தனை மாடி?” “ட்வெல்வ் சார்!” “பஸ்ஸில் எத்தனை பேர்?” “சீட் ஃபார்ட்டி, பீப்பிள் நைன்ட்டி சார்!” நீல வாட்ச் சந்தோஷமாக ஓடியது. இப்படியே போனால் பதினெட்டில் முடித்துவிடலாம்.

அப்போதுதான் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். ‘எத்தனை மாடி’க்கான பதிலோடு அந்த அம்மாவின் வாய் திறந்தது. அதற்குள் வகுப்பு பஸ்ஸுக்குப் போயிருந்தது. வாய் மூடிக்கொண்டது. நோட்டின் மேல் இருந்த அவருடைய கட்டைவிரல், அங்கே இல்லாத ஒரு பட்டனை ஒருமுறை அமுக்கிவிட்டு எடுத்தது.

பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க வாத்தியாருக்கு வரவில்லை. மூன்றாம் வரிசைக்கு நடந்துபோய் நின்றார். பாடத்திட்டத்தில் இல்லாத, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட கேள்வியைக் கேட்டார். “மேடம், சத்தம் கேட்காதவர்கள் எதற்காகப் பட்டனை அமுக்குகிறார்கள்?”

ஏழு வந்தது. பதில் வரவில்லை. ஒன்பது. மெக்கானிக் உதவிக்குப் பாய்ந்தார். வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தினார். பன்னிரண்டு. வாத்தியாரின் நாக்கு வாய்க்குள் ஒரு பதிலைத் தயாரித்து, பல்லில் முட்டிக்கொண்டு நின்றது. பதினைந்து. பின்னால் சிவப்பு வாட்ச் அறுத்துக்கொண்டிருந்தது. பத்தொன்பதாவது விநாடியில் அந்த அம்மா பேசினார். அந்த ஆங்கிலத்தை அதே கோணலோடு தமிழில் தருவதென்றால் இப்படி:

“நேத்து ஒரு ஆள் வந்தார். அவர் பட்டன் அமுக்கினார். மறுபடி அமுக்கினார். ஆனா நான் மிஷின் போடவே இல்ல. கதவைத் திறந்து கேட்டேன், என்ன கேட்டீங்க? அவர் சொன்னார், ஒண்ணும் கேக்கல. அப்ப ஏன் அமுக்கினீங்க? நீங்க ரொம்ப ஆசையா பார்த்துட்டு இருந்தீங்க மேடம், பாவமா இருந்துச்சு.”

சிரிப்பு வெடித்தது. சிரிப்பு அடங்குவதற்குள், மூன்று மாதமாக வாத்தியார் “புரிஞ்சுதா?” என்று ஆசையாகப் பார்க்கும்போதெல்லாம் ‘யெஸ் சார்’ சொன்ன பத்துப் பேரும் ஒருவரையொருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியாரும் அதைப் பார்த்தார்.

அதன்பிறகு அவருக்கு அங்கே வேலையே இல்லை. லிஃப்ட் குழிக்குள் வேலை செய்தால் காது போகுமா என்றார் மெக்கானிக். ஹாரன் அடிக்கிறவன் காது முதலில் போகுமா, கேட்கிறவன் காதா என்றார் டிரைவர். கணவன் காது நன்றாக இருந்தும் கேட்காமல் இருப்பதற்கு என்ன டெஸ்ட் என்றார் தையல்கடை அக்கா. எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொரு கேள்விக்கும் சைலன்ட் அக்கா ஏழு விநாடி எடுத்துக்கொண்டார். யாரும் குறுக்கே விழவில்லை. வாத்தியாரிடமும் பதினைந்து கேள்வி இருந்தது. ஒன்றுக்குக்கூட அவர்கள் வாய்ப்புத் தரவில்லை.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மேற்பார்வை அம்மா கூட்டிப் பார்த்தார். இரண்டாவது முறையும் கூட்டினார். பிறகு எழுந்து முன்னால் வந்தார்.

“சார், இருபத்தொண்ணு முப்பது. ஒன்றரை நிமிஷம் தாண்டிடுச்சு.” தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் கேட்கப் பழகிவிட்ட வகுப்பு அது.

“தாண்டினா?” என்றார் டிரைவர் தமிழில்.

“இந்த வகுப்பு வேற சாருக்கு.”

“யாரு, அந்த ஹெட்போன் சாரா? ஐயோ மேடம், இவர் இன்னிக்குப் பேசவே இல்லையே! இவர் பேசினா எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா?”

“பேச்சு பதின்மூணு நிமிஷம்தான். மீதி எட்டரை மௌனம். கேள்விக்கு அப்புறம் வர்றது ஆசிரியர் பேர்லதான் எழுதணும்.”

வாத்தியாருக்கு வாதாட ஆயிரம் இருந்தது. ஒன்றும் வரவில்லை. அவர் தரப்பு இத்தனை சுருக்கமாக இருந்தது அன்றுதான்.

மூன்றாம் வரிசையில் சைலன்ட் அக்கா எழுந்து நின்றார். எழுந்ததும் பேசவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார்கள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: “மேடம், அந்த மௌனம் சாருடையது இல்ல. என்னுடையது. அந்த நேரத்துல நான் வேலை செஞ்சுட்டு இருந்தேன். என் கட்டத்துல எழுதுங்க.”

மேற்பார்வை அம்மா படிவத்தைப் பார்த்தார். பொடி எழுத்தை விரல் வைத்து மறுபடி படித்தார். “உங்களோடது எவ்வளவு இருக்கும்?”

“மூணு நிமிஷம்.” காதுப் பரிசோதனை அறைக்காரர் சொன்னால் அது மூணு நிமிஷம்தான்.

மேற்பார்வை அம்மா பேனாவால் இருபத்தொன்று முப்பதை அடித்தார். பதினெட்டு முப்பது என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

இருபதுக்குள் வந்துவிட்டதால் காரியம் அங்கேயே முடிந்தது. ஆனால் மாணவர்கள் விடவில்லை. “மேடம், மை சைலன்ஸ் டூ மினிட்ஸ்!” என்றார் மெக்கானிக்.

“உங்களுக்கா? நீங்க மௌனமா இருந்ததை நான் பார்க்கவே இல்லையே,” என்றார் தையல்கடை அக்கா.

“இன்சைடு, அக்கா, இன்சைடு!”

“என்ன யோசிச்சீங்கன்னு இங்கிலீஷ்ல சொன்னாத்தான் எழுதுவேன்,” என்றார் மேற்பார்வை அம்மா. அவர் முகத்துக்குச் சிரிக்க எங்கிருந்தோ அனுமதி கிடைத்திருந்தது.

டிரைவர் கையைத் தூக்கினார். தன் மௌனம் ஒரு நிமிடம் என்றும், அதில் தான் பாடத்தைப் பற்றி எதுவுமே யோசிக்கவில்லை என்றும் முதலிலேயே ஒப்புக்கொண்டார். வேறொன்று யோசித்ததாகச் சொன்னார்.

“வாட்?” என்றார் மேற்பார்வை அம்மா. அவர் கட்டைவிரல் பழக்கத்தில் சிவப்பு வாட்சின் மேல் போய், நின்று, நீலத்தை அமுக்கியது.

டிரைவர் கூரையைப் பார்த்தார். வார்த்தை தேடினார். வாத்தியார் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஆள் என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.