அப்பாதுரையின் எடை

எங்கள் பல்கலைக்கழகத் துறையின் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். வேலை என்னவோ எளிது. காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள் அதற்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். நாங்கள் திண்டிவனத்திலிருந்து எழுதி அனுப்புவதை மெட்ராஸில் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவார்கள். அதற்கு ஏ.சி. அறையில் ராஜ உபசாரம். நாங்கள் வெயிலில் வேக வேண்டும். தொடர்ந்து மூன்று முறை ஆளை நேரில் பார்க்க முடியாவிட்டால் அவர் நம்பரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள்.

1986 சித்திரையில் கோலியனூர்ப் பக்கத்தை எனக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அப்பாதுரை என்பவரை எனக்கு முன்னால் இருந்தவர் இரண்டு முறை பார்க்கவில்லை. வெளியே போயிருப்பதாக மனைவி தையல்நாயகி சொல்லியிருந்தாள். இது மூன்றாவது முறை.

போனால், ஆள் வாசலிலேயே கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இவர்தானா அப்பாதுரை?"

"ஆமாங்க நர்சம்மா, இவருதான்" என்றாள் தையல்நாயகி, கதவுக்குப் பின்னாலிருந்து. நான் நர்ஸ் இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, பசி நன்றாக இருக்கிறது. எடை பார்த்தேன். மருந்து முடிந்தபோது நாற்பத்தொரு கிலோ இருந்தவர் இப்போது அறுபத்திரண்டு. எனக்கு வாயெல்லாம் பல். எங்கள் துறைப் பேராசிரியர் பார்த்தால் துள்ளிக் குதிப்பார்.

கட்டிலில் இருந்தவர் தண்ணீர் கேட்டார். தையல்நாயகி தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். அவர் குனிந்து எடுத்துக் குடித்தார்.

கட்டின புருஷனுக்கு எவளும் இப்படித் தண்ணீர் கொடுக்க மாட்டாள். புருஷனின் அண்ணனுக்குத்தான் கையில் கொடுக்கக் கூடாது, எதிரே நிற்கக் கூடாது. இவ்வளவு பெரிய பொய்யைத் துணிந்து சொன்னவளால் அந்த மரியாதையை மட்டும் மீற முடியவில்லை.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இவர் உன் மூத்தார்தானே? என்னைப் பார்த்தா எப்படிம்மா தெரியுது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் அப்பவே சொன்னேன், இது பேஜாரு புடிச்ச வேலன்னு" என்று முணுமுணுத்தபடி கழனிப் பக்கம் நடந்தார்.

தையல்நாயகி அப்படியே உட்கார்ந்து அழுதாள். "அவரு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனாருங்க. வருசத்துக்கு மேல ஆவுது. ஒரு தகவலும் இல்ல. தெருவுல யாரு இருமினாலும் அவருதான்னு எழுந்து ஓடுறேங்க."

"அதுக்கு இப்படியா ஏமாத்துவே?"

"போறப்ப நீங்க குடுத்த நம்பர் அட்டைய மடியில சொருவிக்கினு போனாருங்க. திரும்பி வராதவரு அத எடுத்துக்கினு போவாரா? நீங்க நம்பர அடிச்சிட்டா, அவரு எந்த ஊரு ஆஸ்பத்திரில அட்டைய நீட்டினாலும் அப்படி ஒரு ஆளே இல்லன்னுடுவாங்களே நர்சம்மா!"

மெட்ராஸில் இருக்கும் அந்த மிஷினுக்குப் பெங்களூர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அவளுக்கு மிச்சம் ஒன்றும் இருந்திருக்காது.

"அடிக்க மாட்டாங்க. தேடிக்கினு இருக்கோம்னு பாரத்துல ஒரு கட்டம் இருக்குது, அதுல போட்டுடறேன்" என்றேன். அப்படி ஒரு கட்டமே கிடையாது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாருங்க தேடுறாங்க?"

எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, ஆளைப் பார்க்க முடியவில்லை என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது? அப்போது பெங்களூர் பஸ் வந்து நின்றது. மூட்டை முடிச்சோடு ஆட்கள் இறங்கினார்கள். அப்பாதுரையின் முகம் எனக்குத் தெரியாது. அந்த அண்ணன் ஜாடையில் யாராவது இறங்குகிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திண்டிவனம் வண்டி போய்விட்டது.