சிங்காரியின் கோபம்

சிலாவத்தைக் கடற்கரையில் கொன்ஸ்ரன்ரைனின் குரலுக்குத் தனி மரியாதை. கரைவலை இழுக்கிற நேரம் அவர் அம்பாப் பாட்டு எடுத்தால், கயிற்றின் கடைசியில் நிற்கிறவனுக்கும் கை தானாக இழுக்கத் தொடங்கும். மனுசன் அதே குரலில்தான் பூனையையும் கூப்பிடுவார்.

“சிங்காரீ! ஏய் சிங்காரீ! ஓடியா!”

எந்தப் பூனை இப்படிக் கூப்பிட்டால் வரும், சொல்லுங்கள்! சிங்காரி காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு அலுமாரிக்கு மேல் பாய்ந்துவிடும். அவரும் விடுகிற ஆளில்லை. கதிரையில் ஏறிப் பிடித்து இறக்கி, பீடி நாறுகிற மீசையோடு முகத்தில் கொஞ்சுவார். மல்லாக்கப் போட்டு வயிற்றைத் தடவுவார். கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, தலைக்கு ஓடிக்கொலோனும் பூசுவார். சின்னப் பிள்ளையளுக்கு அப்படித்தானே செய்கிறது! பூனை விடாமல் தும்மும். ஐயோ, தடிமன் பிடித்துவிட்டதென்று இன்னும் கொஞ்சம் பூசுவார்.

எல்லாம் ஆசையில்தான். சிங்காரி, அவருடைய மனைவி அற்புதம் வளர்த்த பூனை. காய்ச்சல் என்று படுத்த அற்புதம் பிறகு எழும்பவில்லை. மகள் டிலுசா கலியாணம் கட்டி வவுனியாவில். அற்புதத்தின் கையால் தின்ற சீவன் என்று அந்த வீட்டில் மிஞ்சியது இரண்டுதான். ஒன்று பூனை, மற்றது அவர்.

அற்புதம் போன பிறகு ஒரு வருசம் முழுக்க சிங்காரி அவருடைய தொல்லையைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தது. எங்கே ஓடினாலும் இருட்டுகிற மம்மல் பொழுதில் திரும்பி வந்து, குசினிக் கதிரையில் கிடந்த அற்புதத்தின் பழைய சோட்டியில் சுருண்டு படுத்துவிடும். வீட்டில் அவள் உடுக்கிற சோட்டி அது. சாகும்வரைக்கும் உடுத்தியது.

தாய் செத்த ஆண்டுப் பூசைக்கு டிலுசா வந்தாள். தாயின் மேல் உள்ள பட்சத்தில் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள் பெட்டை. சுவருக்குச் சுண்ணாம்பு, நிலத்துக்கு மருந்துத் தண்ணி, அறைக்கு அறை சாம்பிராணி. துணி என்று கண்டதெல்லாம் தோய்த்துக் காயப்போட்டாள். சோட்டியும் தோய்ந்து, மடிபட்டு, கதிரைக்கே வந்தது.

சிங்காரி கதிரையில் ஏறியது. சோட்டியை மணந்தது. சுற்றிச் சுற்றி இன்னும் மணந்தது. பிறகு இறங்கி வெளியே போனது. அவ்வளவுதான், பிறகு வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

டிலுசா வவுனியாவுக்குப் போன பிறகு கொன்ஸ்ரன்ரைனுக்குச் சோறு இறங்கவில்லை. பூனை பக்கத்து வீட்டு டக்சாயினியின் விறகுக் கொட்டிலில் இருக்கிறதென்று அறிந்து, நல்ல சூடை மீன் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார்.

“சிங்காரீ! வீட்டை வாடி!”

“அண்ணை, கத்தாதேங்கோ. அவா பயப்பிடுறா,” என்று டக்சாயினி வெளியே வந்தாள்.

“நான் எங்கை பிள்ளை கத்தினனான்? கதைக்கிறன்.”

“உங்கட கதை அங்காலை தீர்த்தக்கரை ஊர்மட்டும் கேக்கும்.”

அவர் கேட்டால்தானே! விறகுக்குள் கையை விட்டுப் பூனையைத் தூக்கினார். சிங்காரி சீறி, முழங்கை வரைக்கும் பிறாண்டிவிட்டுக் கூரைக்குத் தாவியது. இரத்தம் வழிந்தது. அது அவருக்கு நோகவில்லை. ஆரோ அறியாத ஆளைப் பார்க்கிற மாதிரிக் கூரையிலிருந்து பார்த்ததே, அதுதான் நொந்தது.

“நான் இவவுக்கு என்ன குறை வைச்சனான்?” அவருக்குக் குரல் உடைந்துபோயிற்று.

டக்சாயினிக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. காயத்தைக் கழுவத் தண்ணி வார்த்தபடி சொன்னாள். “கோவிக்காதேங்கோ அண்ணை. அற்புதமக்கா இவவைத் தூக்கி நான் ஒருநாளும் காணேல்லை. கூப்பிட்டும் கேக்கேல்லை. குசினிப் படியிலை இருந்து அங்காலை பாத்துக்கொண்டு மீன் வெட்டுவா. இவ தானாப் போய் முதுகிலை உரசிக்கொண்டு நிப்பா. இப்ப அந்தச் சோட்டியையும் தோய்ச்சுப்போட்டியள். அங்கை இனி அவாக்கு என்ன கிடக்கு?”

கொன்ஸ்ரன்ரைன் வீட்டுக்கு வந்தார். குசினிப் படியில் குந்தினார். கடலால் வெறுங்கையோடு வந்து, காண்கிறதெல்லாத்திலும் எரிந்து விழுந்த காலைகள் ஞாபகத்துக்கு வந்தன. அற்புதம் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். தேத்தண்ணியை வைத்துவிட்டு, இதே படியில் அங்கால் பார்த்திருந்து வெங்காயம் உரிப்பாள். கொஞ்ச நேரத்தில் இவரே போய்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருப்பார். அட கள்ளி! என்னையும் இப்படித்தானே வைத்திருந்தாய் என்று நினைக்க, சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

அலுமாரியின் அடித்தட்டில் முடிச்சுப் போட்ட பொலித்தீன் பை ஒன்று இருந்தது. அதற்குள் அற்புதத்தின் தலையணை உறை. அவள் போன கையோடு அவர் ஒளித்துவைத்தது, மகள் துணி பொறுக்கியபோதும் காட்டாதது. மனம் தாங்காத நாளில் முடிச்சை அவிழ்த்து, ஒருதரம் மூக்கில் வைத்துவிட்டு, மணம் போய்விடக் கூடாதென்று உடனே கட்டிவிடுவார். தேங்காயெண்ணெயும் அவள் வியர்வையும் கலந்த மணம். உலகத்தில் அது இருந்த ஒரே இடம் அந்தப் பைதான்.

பாதியைப் பூனைக்குக் கொடுப்போம் என்று கத்தரிக்கோலை எடுத்தார். வெட்ட மனம் வரவில்லை. நல்லாக மூச்சிழுத்து ஒருதரம் மணந்துவிட்டு, முழுசாகவே கதிரையில் விரித்தார்.

பிறகு படியில் இருந்து, கதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சூடையை வெட்டத் தொடங்கினார். கூப்பிடவேண்டும் போல் தொண்டை அரித்தது. வாயைத் திறக்கவில்லை. வெயில் முற்றத்தைத் தாண்டி வேலிக்குப் போனது. மீனும் வெட்டி முடிந்தது. இனி வராதென்றே நினைத்தார். அப்போது முதுகில் ஏதோ மெல்ல உரசிக்கொண்டு உள்ளே போனது.

அவர் அசையவில்லை. கதிரை கிறீச்சிட்டது. நகத்தால் துணியைப் பிசைகிற சத்தமும், பிறகு பூனையின் குர்குர் சத்தமும் கேட்டன. மெல்லத் திரும்பிப் பார்த்தார். உறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிங்காரி கண்ணை மூடியிருந்தது. இனி அதில் பூனை மயிர் ஒட்டும், மண் படும், அவளுடைய மணம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். அது அவருக்கு விளங்காமல் இல்லை.

வேலிக்கு அங்காலிருந்து டக்சாயினி குரல் கொடுத்தாள். “என்னண்ணை, வந்திட்டாவோ?”

கொன்ஸ்ரன்ரைன் எழும்பி வேலியடிக்குப் போனார். அந்தக் கடற்கரையில் ஒருத்தரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

“ஓம் பிள்ளை. மெல்லக் கதை. அவா நித்திரை.”