சும்மா பார்க்க ஓர் இடம்

திருப்பூரில் ஒரு பெண் சும்மா நிற்க முடியாது. நடக்கலாம், வண்டி ஓட்டலாம், கம்பெனி வேனில் நெருக்கியடித்துக்கொண்டு போகலாம், இடுப்பு ஒடிய மெஷினில் உட்காரலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஓர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஊரே விசாரணைக்கு வந்துவிடும்.

எனக்கு மனிதர்களை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். என் குற்றம் அவ்வளவுதான். வாரம் முழுக்க ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் போட்டு, காலர் கொஞ்சம் அகலமாகப் போனதற்கு மன்னிப்புக் கேட்பதே பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் என்னுடையது. அன்றைக்குத்தான் பாதி ஊர் தெருவில் இறங்கும். பீகார் பையன்கள் கடை மடிப்புக்கூடக் கலையாத புதுச் சட்டையில் தோள்மேல் கை போட்டு நடப்பார்கள். தேனிப் பக்கத்து அக்காக்கள் பிள்ளையை ஒரு கையில் இழுத்துக்கொண்டு செருப்புக்குப் பேரம் பேசுவார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடி தொட்டும் தொடாமலும் போகும். யாருக்கு யார்மேல் கோபம், யார் ஊருக்குக் கிளம்புகிறார்கள், யார் வராதவருக்காக நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். சினிமாவெல்லாம் எனக்கு இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

பார்ப்பதற்கு இடம்தான் கிடைக்கவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றேன். "எந்த ஊருக்குப் போகோணுங்க?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். எந்த ஊருக்கும் இல்லை என்றதும் அவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே! காதர்பேட்டையில் கடையோரமாக நின்றால், "என்ன சைஸுங்க?" என்று பனியனை விரித்துக் காட்டினார்கள். ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டு அருமையான இடம். வடக்கேயிருந்து ஒரு ரயில் வந்தால் ஒரு கிராமமே மூட்டை முடிச்சோடு இறங்கும். அங்கே ஒருத்தன் பக்கத்தில் வந்து கேட்கக் கூடாததைக் கேட்டான். செருப்பைக் கழற்றினேன். அவன் ஓடிவிட்டான். கூட்டம் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது.

இதே ஊரில் ஆண்கள் பேக்கரி வாசலில் ஒரு டீயை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கிறார்கள். போகிறவள் வருகிறவள் எல்லாரையும் பார்க்கிறார்கள். யாருக்காக நிற்கிறாய் என்று அவர்களை எந்த மகராசனும் கேட்பதில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கடைசியில் அப்படி ஒரு பேக்கரியின் மாடியில்தான் எனக்கும் இடம் கிடைத்தது. கீழே ஆண்கள் கூட்டம், மேலே குடும்பங்களுக்கு நான்கைந்து மேசை. சன்னலோரத்து மேசையில் உட்கார்ந்தால் நாலு ரோடும் தெரியும். அங்கே சப்ளையராக இருக்கும் முனீஸ் விருதுநகர்ப் பக்கத்துக்காரர், நடுத்தர வயது. முதல்நாள் நான் தயங்கித் தயங்கி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, "யக்கா, நீங்க பாட்டுக்கு இருங்க. இங்க யாரு வந்து கேக்கப்போறா?" என்றார். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான் இருந்தேன். கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கோயில் எப்படியோ, எனக்கு அந்த மேசை.

அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது. அவள் பெயர் அமராவதி. பெயரில் இருக்கும் ஆறு பேச்சிலும் உண்டு, நிற்காது. "பொட்டப்புள்ள தனியா உக்காந்து ரோட்டை வேடிக்கை பாக்கறதா? நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்று ஞாயிறு தவறாமல் ஆரம்பிப்பாள். நானும் தவறாமல் காதில் போட்டுக்கொள்ளாமல் கிளம்புவேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு அவள் குரலே மாறியிருந்தது. "கண்ணு, இன்னும் போகலியா? அந்தப் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்க. தலையை விரிச்சுப் போடாம பின்னிக்க" என்றாள். வாசல்வரை வந்து கொஞ்சம் மல்லிகைப்பூவும் வைத்துவிட்டாள். அடுத்த வாரமும் அப்படித்தான். நான் ஒரு மடச்சி. அம்மா ஒருவழியாக என்னைப் புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். வண்டியில் போகும்போது கண்கூடக் கலங்கியது.

பேக்கரியிலும் எல்லாரும் திடீரென்று என்னிடம் பிரியமாக இருந்தார்கள். ஒரு வாரம் ஓர் அம்மாள் பக்கத்து மேசையிலிருந்து, "எந்த ஊருங்க கண்ணு? என்ன படிச்சிருக்க?" என்று விசாரித்தார். அடுத்த வாரம் வேறோர் அம்மாள், கைகழுவும் இடம் தெரியவில்லை என்று என்னைக் கூட வரச் சொன்னார். நான் முன்னால் நடந்து போய்க் காட்டினேன். நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு ஒரு குடும்பம் வந்தது. பட்டுப்புடவை கட்டிய அம்மாள், அவருடைய மகள், மருமகன் போல ஒருவர். பப்ஸ் வாங்கி வைத்திருந்தார்கள், யாரும் தொடவில்லை. அந்த மாடிக்கு வருகிறவர்கள் சன்னலைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் போனைப் பார்ப்பார்கள். இவர்கள் இரண்டையும் பார்க்கவில்லை.

"கண்ணு, மணி என்னாச்சு?" என்று அந்த அம்மாள் கேட்டார். அவர் தலைக்கு நேர் எதிரே சுவரில் இத்தனை பெரிய கடிகாரம். மணியைச் சொன்னேன். "நல்லாக் கேக்கலையே" என்றார். உரக்கச் சொன்னேன். "வேர்க்குது சாமி, அந்த ஃபேனைக் கொஞ்சம் போட்டுடறயா?" என்றார். எழுந்துபோய்ப் போட்டேன். திரும்பும்போது அந்த மகள் போனை என் உயரத்துக்குப் பிடித்திருந்தாள். மாடிப்படியில் ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று இறங்கியது. வழுக்கையையும் நெற்றி நிறையத் திருநீற்றையும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் கல்யாணத் தரகர் சுப்பையன்.

மணி கேட்டது என் குரலைக் கேட்க. ஃபேன் போடச் சொன்னது என் நடையைப் பார்க்க. போன வாரம் கைகழுவப் போனதும் அதற்குத்தான். வெளிநாட்டுக்காரருக்குச் சாம்பிள் பீஸ் அனுப்புவதுபோல என் அம்மா என்னைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பூ வைத்து அனுப்பியிருக்கிறாள். அதுவும் என் மேசைக்கே.

திரும்பப் போய் ஃபேனை நிறுத்தினேன். "இனி வேர்க்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். முனீஸ் கீழே நின்று, "என்னக்கா, அதுக்குள்ளயும் கெளம்பிட்டீக?" என்றார். நிற்காமல் போய் வண்டியை எடுத்தேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு ஆவல். அதைப் பார்த்ததும் இருந்த கொஞ்சம் பொறுமையும் போய்விட்டது.

"எத்தனை பேரும்மா வந்து பாத்தாங்க?"

"மெதுவாப் பேசு கண்ணு. பக்கத்து ஊட்டுக்குக் கேக்கப் போகுது."

"கேக்கட்டும். என்னை ஊரே பாத்தாச்சு, கேட்டா என்ன?"

அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "முன்னாடி ரெண்டு எடம் ஊட்டுக்கே வந்து, பஜ்ஜி சொஜ்ஜி எல்லாந் தின்னுபோட்டு, வேண்டாம்னு சொல்லி அனுப்பினாங்கல்ல? உங்கப்பா மண்ணரையில இருக்கற நம்ம கம்பெனியைக்கூடத் தொறக்காம ஊட்லயே படுத்துக் கெடந்தாரே, மறந்துட்டியா? உனக்குத் தெரியாம பாத்தா, வேண்டாம்னாலும் உனக்குத் தெரியாமயே போயிருமில்ல. உன்ற மனசு நோகக் கூடாதுன்னுதான் கண்ணு."

என் மனசு நோகாமல் இருக்க என் முதுகுக்குப் பின்னால் என்னை விலை பேசினார்களாம். அதற்குள் அம்மாவின் போன் அடித்தது. தரகர்தான். அம்மா அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"அக்கா, இன்னிக்கு வந்த குன்னத்தூர்க்காரங்களுக்குப் புடிச்சுப்போச்சுங்க! பையன் தரணீதரன் போட்டோவுல பாத்துட்டுச் சரின்னுட்டாராமுங்க. புள்ளைக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கு, அது பரவால்லைன்னாங்க. ஒன்னே ஒன்னுதான். கல்யாணத்துக்குப் பொறவு இந்தப் பேக்கரியில போய் உக்கார்றது, ரோட்டை வேடிக்கை பாக்கறதெல்லாம் ஆகாதுன்னாங்க."

அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அதெல்லாம் நிறுத்திக்குவாளுங்க" என்றாள்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பேரத்தில் கொசுறு தள்ளிக் கொடுப்பதுபோல என் ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

போனைப் பிடுங்கினேன். "அந்த அம்மா நம்பரைக் குடுங்க" என்றேன். தரகர் மென்று விழுங்கினார். "நீங்க குடுக்கலைன்னா நான் குன்னத்தூருக்கே வண்டியை எடுப்பேனுங்க" என்றதும் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை விட்டுப்போகாது. அன்றைக்கு எனக்கு அது நன்றாகவே உதவியது.

"வணக்கமுங்க. அனுப்பிரியா பேசறேனுங்க. நீங்க ஃபேன் போடச் சொன்ன புள்ளைங்க."

"அட, சொல்லு கண்ணு."

"என்னைப் புடிச்சிருக்குன்னு சொன்னீங்களாமா. நான் அங்க உக்காந்திருந்ததைப் பாத்துத்தானுங்களே புடிச்சது? அப்புறம் அங்க உக்காரக் கூடாதுன்னா எப்படீங்க?"

"கல்யாணமான புள்ளை தனியா உக்காந்திருந்தா நல்லாருக்காதில்ல? வேணும்னா எங்க தரணி கூட்டிட்டுப் போவான்."

"அவரு டீ குடிக்கப் போறப்ப அவரை யாருங்க கூட்டிட்டுப் போறாங்க?"

"ஆம்பளையும் பொம்பளையும் ஒன்னா கண்ணு?"

"இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாமுங்க. நேர்ல வந்து சொல்லலைன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்களும் நேர்ல வந்து கேக்கலீங்களே" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று ஆத்திரமாக வந்தது.

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சேரில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒருநா உனக்குத் தெரியாம உன்ற பின்னாடியே வந்தேன்" என்றாள். "அப்படி அங்க என்னதான் இருக்குதுன்னு பாக்கலாம்னு. எதுத்தாப்ல மருந்துக்கடையில நின்னேன். சன்னல்ல நீ தெரிஞ்சே. ரோட்டைப் பாத்து நீயாச் சிரிச்சுட்டிருந்தே. ஊட்ல எந்நேரமும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கறவ, அங்க அத்தனை அழகா இருந்தே. உன்னைப் பாக்கோணும்னா அங்கதான் பாக்கோணும்னு நாந்தான் தரகர்கிட்டச் சொன்னேன்."

"நான் அங்கதான் சந்தோசமா இருக்கேன்னு தெரிஞ்சுமா, நிறுத்திக்குவான்னு சொன்னே?"

"கல்யாணமானா எல்லாருந்தான் நிறுத்தறோம்" என்றாள் அம்மா, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

"நீ எதை நிறுத்துனே?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் கோபம் குறையவில்லை. யார்மேல் என்பதுதான் குழம்பிவிட்டது, அதனால் இன்னும் கூடியது.

அடுத்த ஞாயிறு அவள் என்னைத் தடுக்கவில்லை. பூவும் வைக்கவில்லை. துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன ஒரு பழைய டாப்ஸை வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். முனீஸ் மேசையைத் துடைத்துவிட்டு, கேட்காமலே டீயைக் கொண்டுவந்து வைத்தார். கீழே நாலு ரோட்டிலும் ஜனம் நிரம்பி வழிந்தது. யாரோ ஒருத்தி தலையில் ஒரு பிளாஸ்டிக் சேரைக் கவிழ்த்துக்கொண்டு சிக்னலைக் கடந்து போனாள். வேறு நாளாக இருந்தால் அவளை ரோட்டு முனைவரைக்கும் கண்ணாலேயே கொண்டுபோய் விட்டிருப்பேன்.

பின்னால் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. என்னை அறியாமல் துப்பட்டாவைச் சரிசெய்தேன். முதுகை நிமிர்த்தினேன். நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினேன். அவர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயதான ஓர் அம்மாள் பேரனுக்குக் கேக்கை ஊட்டிக்கொண்டிருந்தார். நான் மட்டும் கையை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது, இப்போது சிரிக்கலாமா என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். டீயில் ஆடை கட்டியது.

சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேசை அங்கேயேதான் இருக்கிறது, சன்னலும் இருக்கிறது. யாரும் என்னை எழுப்பி விரட்டவில்லை. ஆனாலும் என் இடத்தைப் பாவிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்று இருட்டும்வரை உட்கார்ந்திருந்தும் ரோட்டில் ஒருத்தரையும் நான் பார்க்கவில்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.