நூற்றுக்கு நூறு வாங்கிய மணிமொழி

கச்சிராயபாளையத்துக் கணக்கு வாத்தியார் இளஞ்செழியனை அவர் மனைவி மணிமொழி வேலையிலிருந்து நீக்கி இரண்டு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் இல்லை, வீட்டில். போன முறை குரூப் ஃபோர் தேர்வில் மூன்று மதிப்பெண்ணில் வேலையைத் தவறவிட்டவள், இம்முறை அவரிடம் கணக்குப் படிக்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு தப்புக்கும், "இதுகூடவா தெரியல? என் பசங்க தூக்கத்துல போடுவானுங்க" என்பார். அந்தப் பசங்களில் பாதிப்பேர் காலாண்டில் தேறவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அவர் இடத்துக்குக் கைப்பேசியில் ஓர் ஆப் வந்தது. தப்பாகப் போட்டால், "பரவாயில்லை தோழி" என்றது.

"உங்களவிட அதுக்குப் பொறுமை ஜாஸ்திங்க."

"அதுக்கு இன்னா, பிரஷரா, சுகரா?"

சில வாரத்தில் தினமும் நூற்றுக்கு நூறு. கணக்குகள் சுலபமாகிக்கொண்டே வந்ததை, மூளை வளர்ந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டாள் மணிமொழி.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஆப்பில் பிழை பிடிக்கக் கைப்பேசியைத் திறந்தார் வாத்தியார்.

பிழையே இல்லை. கூடையில் எட்டு மாம்பழம், மூன்றைத் தின்றால் மீதி எத்தனை என்று கேட்டிருந்தது. அவள் தப்பாகப் போட்டபோதெல்லாம், தன்னை விட்டுப் போய்விடக் கூடாதென்று கணக்கை ஒரு படி இறக்கியிருக்கிறது ஆப்.

அவள் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒண்ணாங்கிளாசுக்கு இட்டுக்கினு போயிருக்குதுடி உன்ன!"

திரையைப் பார்த்த மணிமொழிக்கு முகம் செத்துவிட்டது.

"சிரிங்க. அது என்னப் புடிச்சு வெச்சிக்க ஏமாத்திச்சு. நீங்க ஏமாத்தல, தொரத்துனீங்க. ரெண்டுல எது வாத்தியார் வேல?"

சிரிப்பு நின்றது. நோட்டை எடுத்தார்.

"கஷ்டமாத்தான் குடுப்பேன்."

"குடுங்க. திட்டுனீங்கன்னா எலவனாசூர்கோட்டைல எங்கம்மா வூட்டுல போய்ப் படிச்சிக்குவேன்."

ஆறு பேர் பத்து நாளில் வெட்டும் கரும்பை, பதினைந்து பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்?

"இருபத்தஞ்சு."

வாத்தியாரின் வாய் திறந்தது. எழுந்து கொல்லைக்குப் போனார், முகம் கழுவினார், திரும்பி வந்தார். "ஆளு ஜாஸ்தியானா நாளு ஜாஸ்தியாவுமா, கம்மியாவுமா?"

அவள் யோசித்து, "பன்னெண்டு" என்றாள். மறுபடி கொல்லை.

ஐந்தாம் முறை, பக்கத்து வீட்டு அம்சவள்ளி மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னா சார், கண்ணு வலியா?"

"இல்லம்மா, டியூஷன்."

"நாலு நாளுங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் மணிமொழி.

ஈர முகத்தோடு ஓடினார் வாத்தியார், இதைவிடக் கஷ்டமாக ஒன்று கொடுக்க.