விருப்ப மாநிலம்

மனோகரன் அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். தொழிற்சாலையில் கொடுத்த இடமாற்றப் படிவம். தெலங்கானா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று மூன்று மாநிலங்கள் அச்சாகியிருந்தன. எதிரே கட்டங்கள். விருப்பப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடணுமாம்,” என்றார். “ஆபீசர் உக்கார வச்சு நல்லபடியாத்தான் பேசினாரு. நானும் உலகநாதனும் தினம் ஒரே கேட்ல நுழையறது நல்லால்லன்னாரு.”

ராஜகுமாரி படிவத்தைத் தொடவில்லை. கல்யாணமாகி இந்த ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்து இருபத்துநாலு வருஷம். ஸ்ரீநாத், கனிமொழி இரண்டு பேரும் இங்கேதான் பிறந்தார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், சேக்காட்டில் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில், ஸ்ரீநாத் உலகநாதனின் மகள் ரோஷினியைக் கத்தியால் குத்திக் கொன்றான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. அவளுக்கு இருபது. அவள் அவனை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள், அவ்வளவுதான் காரணம். குத்தியவன் ஓடவில்லை. பக்கத்துக் கடைப் படியிலேயே உட்கார்ந்திருந்தான். யாரோ எடுத்த வீடியோவை ஊரே பார்த்தது. ராஜகுமாரி பார்க்கவில்லை. பதினைந்து வயது கனிமொழி பார்த்துவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது அவன் புழல் சிறையில் இருந்தான். வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாரம் ஒருமுறை ராஜகுமாரி மனுப் போட்டுப் பார்த்துவிட்டு வருவாள். மனோகரன் ஒருமுறைகூடப் போனதில்லை.

“தெலங்கானான்னு போடுங்க,” என்றாள். “ஒரு ராத்திரி ட்ரெயின். மாசம் ஒருவாட்டியாவது வந்து அவனைப் பார்த்துட்டுப் போவேன்.”

“மத்தியப் பிரதேசம். மூணுல அதுதான் தூரம். அவன் என்னைக்கு வெளிய வந்தாலும் நம்ம அட்ரஸ் அவனுக்குத் தெரியக் கூடாது.”

“பெத்த புள்ளைங்க அவன்.”

“அதுவும் பெத்த புள்ளதான், ராஜி. உலகநாதன் பெத்த புள்ள.”

கனிமொழி அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “நீ சொல்லு கனி,” என்றாள் ராஜகுமாரி. “எங்கன்னாலும் சரி,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். இந்த ஐந்து மாதமாக எதைக் கேட்டாலும் அதே பதில்தான். பள்ளிக்கூடத்தில் அவள் பெஞ்சில் இப்போது அவள் மட்டும்தான் உட்காருகிறாள். பக்கத்தில் இருந்த பெண்ணின் அம்மா வந்து மகளை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டாள். கனிமொழி அதை வீட்டில் சொல்லவில்லை. டீச்சர்தான் போனில் சொன்னார்.

புதன்கிழமை காலை ராஜகுமாரி ரத்த அழுத்த மாத்திரை வாங்கத் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து வரிசையில் ஆறாவது ஆளாக சுதா நின்றிருந்தாள். ரோஷினியின் அம்மா. பார்த்ததும் ராஜகுமாரி திரும்பிவிடத்தான் நினைத்தாள். அதற்குள் சுதா வரிசையை விட்டு வந்து எதிரில் நின்றாள். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தாள்.

“போறீங்களாமே?”

ராஜகுமாரி தலையை மட்டும் அசைத்தாள்.

“வாராவாரம் புழலுக்குப் போறீங்கன்னு சொன்னாங்க. சாப்பிடறானா?”

ராஜகுமாரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“எம்பொண்ணு அன்னைக்குச் சாப்பிடாமதான் போனா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு.” சுதாவின் குரல் உயரவே இல்லை. மாத்திரைச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்தபடி பேசினாள். “ஆடி மாசம் உங்க ஊட்டுக்கு வந்தேன். பின்னாடியே வரான், பொண்ணு பயந்து அழுவுறா, கொஞ்சம் கண்டிச்சு வைங்கன்னு சொன்னேன். காபி போட்டுக் குடுத்து அனுப்பினீங்க.”

“சுதா...”

“போங்க. உங்களுக்குப் போறதுக்கு மூணு ஸ்டேட்டு குடுத்திருக்காங்க. அவ இருந்த ரூமை விட்டுட்டு நாங்க எங்க போறது?”

சொல்லிவிட்டு சுதா மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள். ராஜகுமாரி மாத்திரை வாங்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் மனோகரன் வந்து முகம் கழுவும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ஆடி மாதம் சுதா வந்துபோனதைச் சொன்னாள். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது. போலீஸ் கேட்டபோதும் அவள் வாய் திறக்கவில்லை.

மனோகரன் துண்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். “அன்னைக்கே என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க அவனை அடிப்பீங்க. வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்னு நெனச்சேன்.”

“அடிச்சிருப்பேன்,” என்றார். “அடிச்சிருந்தா அந்தப் பொண்ணு இருந்திருக்கும்.”

அப்போதுதான் பின்னாலிருந்து கனிமொழி பேசினாள். “அம்மா மட்டும் இல்லப்பா.”

சனிக்கிழமைதோறும் கனிமொழிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் ரோஷினி. காசு வாங்கமாட்டாள். அந்தப் பழக்கத்தில்தான் கனிமொழியிடம் அவள் நம்பர் இருந்தது.

“அக்கா நம்பரைக் குடுத்தது நான்தான். அண்ணன் கேட்டான். அன்னைக்குக் காலைலயும் கேட்டான், காலேஜ் விட்டு எத்தனை மணிக்கு வந்து எறங்குவாங்கன்னு. அஞ்சேகால்னு சொன்னேன். அக்காகிட்ட சாரி கேக்கணும்னு சொன்னாம்பா. நான் நம்பிட்டேன்.”

பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராஜகுமாரி பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள். பெண் விலகிக்கொண்டாள்.

“இதை வச்சுக்கிட்டா இத்தனை நாள் இருந்தே?”

“எனக்கு அண்ணன் வேணாம்மா. நீ புழலுக்குப் போயிட்டு வந்து, இளைச்சிட்டான், கொசு கடிக்குதாம்னு சொல்றியே, அதைக் கேக்கறப்பெல்லாம் எனக்கு வாந்தி வருது. அந்தப் பேச்சே வேணாம். எங்கன்னாலும் சரின்னு சும்மா சொன்னேன். தூரமா போலாம்மா.”

மனோகரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் ராஜகுமாரி முதல்முறையாகப் பார்த்தாள். வெகுநேரம் யாரும் விளக்குப் போடவில்லை. கடைசியில் அவளே எழுந்து போட்டாள். மேசையருகே போய்ப் பேனாவை எடுத்து, மத்தியப் பிரதேசத்துக்கு எதிரே இருந்த கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள்.

மே மாதம் உத்தரவு வந்தது. ஜபல்பூர். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் கடைசியாகப் புழலுக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீநாத் போனை எடுத்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

“இன்னாம்மா, மூஞ்சி இப்படிக் கீது?”

“ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?”

“அத்த உடு. வக்கீல் இன்னா சொல்றாரு? அவ ஊட்ல சமாதானமா ஏதாச்சும் பேசிப் பார்த்தீங்களா?”

“என்ன பேசறது?”

“எல்லாரும் என்னையே சொல்றீங்க. நான் அவளை எவ்ளோ லவ் பண்ணேன்னு ஒருத்தருக்கும் தெரியல. அவதான் என்னை இங்க கொண்டாந்து உட்டா.”

ராஜகுமாரி அவனையே பார்த்தாள். ஒவ்வொரு வாரமும் அவன் இதைத்தான் வேறு வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் கன்னம் ஒட்டியிருப்பதையும் கை சொறிந்து புண்ணாகியிருப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, பேச்சைக் காதில் வாங்கியதில்லை.

“அப்பாவுக்கு ட்ரான்ஸ்பர் ஆயிடுச்சு,” என்றாள்.

அவன் முகம் மாறியது. “எங்க? எந்த ஸ்டேட்டு?”

“தெலங்கானா.” அவள் யோசித்துச் சொல்லவில்லை. அதுவாக வந்துவிட்டது. “கிட்டதான். ஒரு ராத்திரி ட்ரெயின்.”

“அப்ப மாசாமாசம் வந்துருவ இல்ல?”

“வரேன்.”

“கனியை ஒருவாட்டி இட்டுகினு வாம்மா. எனக்கு அவளைப் பாக்கணும்.”

நேரம் முடிந்துவிட்டதாகக் காவலர் கைகாட்டினார். அவள் போனை வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

கிளம்பிய அன்று குவார்ட்டர்ஸில் யாரும் வழியனுப்ப வரவில்லை. சாமான்கள் லாரியில் முன்னமே போய்விட்டன. இரண்டு பெட்டிகளோடு ஆட்டோ ஏறினார்கள். சேக்காட்டு வழியாகப் போனால் சீக்கிரம் என்று டிரைவர் சொன்னான். சுற்றிப் போகலாம் என்றார் மனோகரன்.

காலையில் புறப்பட்ட ரயில் சாயங்காலம் தெலங்கானாவில், வாரங்கலில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பிளாட்பாரத்தில் தெலுங்கில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். கனிமொழி மேல் படுக்கையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். எதிரில் மனோகரன் மனைவியைப் பார்த்தார். அவள் என்ன நினைக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். “டீ வாங்கட்டுமா?” என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றாள். வண்டி நகர்ந்தது.

அடுத்த மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை. வக்கீல் மனோகரனுக்குப் போனில் சொன்னார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

பத்து நாள் கழித்து வக்கீல் மூலமாக ஸ்ரீநாத்தின் கடிதம் ஒன்று வந்தது. தெலங்கானா இத்தனை பக்கத்தில் இருந்தும் பத்து மாதமாக ஏன் ஒருமுறைகூட வரவில்லை என்று கேட்டிருந்தான். ராஜகுமாரி அதைக் கணவரிடமும் மகளிடமும் காட்டவில்லை. பதில் எழுத நாலு நாள் ஆனது. கனிக்குப் பரீட்சை நடக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்று எழுதினாள். பரீட்சை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.